கண் திறக்காத வரிசை

செம்பாறைப்பட்டி பஸ் நிறுத்தத்தில் பத்து மாதமாக, ஒவ்வொருவராகச் சேர்ந்து, ஆறு பேர் கண்ணில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைச்சாமியின் மூடிக்கிடக்கிற ரைஸ்மில் சுவரில், ஆளுயரத்துக்கு, வரிசையாக வரையப்பட்டவர்கள். சேலை மடிப்பு இருந்தது, கையில் தூக்குவாளி இருந்தது, மூக்குத்தி இருந்தது, செருப்பு வார் அறுந்த இடத்தில் மாட்டிய ஊக்குகூட இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வழித்துவிட்ட மாதிரி வெறும் தோல் நிறம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண் பார்க்க வந்த கார் ஒன்று சுவரைப் பார்த்துவிட்டுச் சகுனம் சரியில்லையென்று அப்படியே திரும்பிப் போய்விட்டதாக ஒரு கதை உலவியது. அந்தக் கார் வழி தவறி வந்தது, போக வேண்டிய ஊரே வேறு. அதையெல்லாம் யார் விசாரிக்கிறார்கள்? பிள்ளைகள் பயப்படுகின்றன, மாடு மிரளுகிறது, மழை பெய்யாததற்கும் அதுதான் காரணம் என்று பேச்சு வளர்ந்தது. பழி மொத்தமும் பாத்திமாவின் தலையில் விழுந்தது. வரைந்தவர்களில் இன்னும் ஊரில் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

பாத்திமாவுக்கு இருபத்தாறு வயது. அப்பா பங்கிராஸ் அவள் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் லியோ கத்தாரில். அம்மா அருள்ராணி திண்டுக்கல்லில் ஒரு கன்னியர் மடத்து விடுதியில் சமையல் வேலை. மாதம் ஒருமுறை வருவாள், இரண்டு நாள் இருப்பாள், வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, "எப்படித்தான் தனியா கெடக்கியோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவாள். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் பாத்திமாவின் பேச்சுக்குப் பதில் சொல்வது சுவர்ப் பல்லி மட்டும்தான். அதுவும் இஷ்டப்பட்டால்தான் சொல்லும்.

வேலை திருச்சியில், ஒரு ஸ்கேன் சென்டரில். காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டால் கீரனூர் போய், அங்கிருந்து திருச்சி. நாள் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேர் கூப்பிடுவாள். "டோக்கன் பதினேழு, மரியசெல்வம்! டோக்கன் பதினெட்டு, நிலவழகன்!" ஒரு நாளைக்கு இருநூறு பேரைக் கூப்பிடுகிறவளை, திருப்பிப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சென்டரில் அவள் "சிஸ்டர்", பஸ்ஸில் "ஏம்மா". பழகிவிட்டது என்றுதான் சொல்வாள். பழகவில்லை என்பதுதான் நிஜம்.

ஆனால் அவளுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. கொரோனா சமயத்தில் கல்லூரியை மூடிவிட, வீட்டில் அடைந்துகிடந்த நான்கு பிள்ளைகளைப் பிடித்து ஓர் ஊராட்சித் தலைவர், "முகக்கவசம் போடச் சொல்லிச் சுவத்துல ஏதாச்சும் வரைஞ்சு குடுங்கப்பா" என்று கேட்டார். அப்படிச் சேர்ந்தவர்கள்: கோபிநாத், கவியரசன், தேவிப்ரியா, பாத்திமா. தங்களுக்குச் சுவர்க்கோழி என்று பேர் வைத்துக்கொண்டார்கள். சுவர் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு கத்துகிற பூச்சிக்கு அந்தப் பேர். பூச்சி ஒன்றாக இருந்தாலும் ஊரே கேட்கிற மாதிரி கத்தும் என்று தேவிப்ரியா வியாக்கியானம் சொன்னாள்.

முதல் சுவரே சண்டையில்தான் முடிந்தது. ஆளுக்கொரு முகம் வரைந்தார்கள். கவியரசன் வரைந்த முகக்கவசம் கொடியில் காயப்போட்ட ஜட்டி மாதிரி இருந்தது. அதைத் திருத்தப்போன கோபிநாத்தை, "ஒம் படத்தை நீ பாரு, எம் படத்துல கை வைக்காதே" என்று அவன் தள்ளிவிட, பெயின்ட் டப்பா கவிழ்ந்து, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் கோபிநாத் ஒரு யோசனையோடு வந்தான். அவன் ஊரில் ஐயனாருக்குப் புரவி எடுப்பார்கள்.

"எங்கூருல மண்குதிரை பாத்திருக்கீங்கல்ல? ஆள் ஒசரத்துக்கு நிக்கும். ஆனா கண்ணு தொறக்குற வரைக்கும் அது வெறும் மண்ணுதான். கண்ணு தொறந்த பெறகுதான் சாமி குதிரை. நாம ஒண்ணு செய்வோம். வரைஞ்ச ஆளு அந்தப் படத்துக்குக் கண்ணு தொறக்கக் கூடாது. அடுத்த ஆளுதான் தொறக்கணும். அப்ப எவனும் இது எம் படம்னு சொல்ல முடியாது. ஊருப் படம் ஆயிரும்."

அன்றைக்குச் சொன்னது ஒன்பது சுவர்களுக்கு நின்றது. அங்கன்வாடிச் சுவர், கண்மாய்க்கரை மோட்டார் ரூம், நூலகம், ரேஷன் கடை. எத்தனை முகம் வரைந்தாலும் கடைசி நாள் கண் திறப்பு. ஒருவர் வரைந்ததற்கு இன்னொருவர் போய் நிற்க, வரைந்தவர் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். பாத்திமா வரைந்த முகங்களுக்குப் பெரும்பாலும் தேவிப்ரியாதான் கண் போடுவாள். கொஞ்சம் சிரிக்கிற கண்ணாகப் போடுவாள். பாத்திமா சோகமாக வரைந்த கிழவர்கூட தேவி கை பட்டதும் ஏதோ குறும்பு செய்துவிட்டு நிற்பவராக மாறிவிடுவார்.

ஒருமுறை நால்வரும் இரண்டு பைக்கில் சித்தன்னவாசல் போனார்கள். குகையின் கூரையில் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. "இதையும் நம்மள மாதிரி நாலஞ்சு பேருதான் வரைஞ்சிருப்பானுங்க. ஒருத்தன் மீனு, ஒருத்தன் தாமரை" என்றான் கவியரசன். "அதுல ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிருக்கும், அதான் பாதியில நிக்கிது" என்றாள் தேவி. அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாத்திமாவும் சிரித்தாள்.

பிறகு அதுவே நடந்தது. கவியரசனுக்குப் போலீஸ் வேலை கிடைத்து ராமநாதபுரம் போனான். கோபிநாத் சிங்கப்பூர் போனான். அங்கே கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறான். கப்பலுக்கு யாரும் கண் திறக்க வேண்டியதில்லை. மிஞ்சியவர்கள் இருவர். போன சித்திரையில் இருவருமாகச் சேர்ந்து பத்தாவது சுவரைப் பிடித்தார்கள். அதுதான் வெள்ளைச்சாமியின் ரைஸ்மில் சுவர்.

ஆறு பத்து வண்டிக்கு நிற்கிறவர்களையே வரைவது என்று முடிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவி வந்து, பாத்திமாவை வெயிலில் நிற்கவைத்து, அவளை அப்படியே சுவரில் வரைந்தாள். தோளில் பை, கையில் குடை, கொஞ்சம் சாய்ந்த தலை. "என்னையும் ஓரத்துல வரைஞ்சு வையி. நான் ஒங்க ஸ்டாப்பு இல்லதான், இருந்தாலும் சும்மா நிக்கிறேன். ஒன்னைய நான் வரைஞ்சேன், என்னைய நீ வரையப்போறே. ஒங் கண்ணை நீ தொறந்துக்க, எங் கண்ணை நான் தொறந்துக்குறேன். கணக்கு சரியாப்போச்சு" என்றாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். ஓசூர் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆவூர் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பாத்திமா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தனியாகச் சுவருக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் சின்னப்பிள்ளையை வரைந்தாள். ஜவுளிக்கடை மணிமேகலையை வரைந்தாள். நர்சிங் படிக்கிற அறிவுமதி, ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்காரும் பிச்சை. கடைசியில், கீரனூர்ப் பக்க ஓரத்தில், தேவிப்ரியா. நான்கு பேரை அவர்களுக்குத் தெரியாமல் பஸ்ஸில் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டுவந்து வரைந்தாள். தேவிக்கு மட்டும் அந்தச் சிரமம் இல்லை. தை மாதத்தோடு எல்லாம் முடிந்தது, கண் நீங்கலாக.

மாசி பிறந்ததும் வெள்ளைச்சாமி ஒரு சாயங்காலம் அவளைச் சுவரோரத்திலேயே பிடித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர், அதில்தான் அவருக்குக் கஷ்டம்.

"பாப்பா, எலெக்‌ஷன் வருது. சுவத்தைக் கேட்டுக் கட்சிக்காரங்க வந்துட்டாங்க. போன தடவையே பேரு எழுதிப் பதிஞ்சு வச்ச சுவரு இது, ஒனக்கே தெரியும். ஒங்களுக்காகத்தான் தள்ளிக்கிட்டு வந்தேன்."

"தெரியும்ங்கய்யா."

"முடிஞ்ச படமா இருந்தா அதுமேல வெள்ளையடிக்க விட மாட்டேன். ஊரு ஆளுக படம்யா, அங்கிட்டு வேற சுவத்தைப் பாருங்கன்னு சொல்லிப்புடுவேன். குருட்டுப் படமா நிக்கிறதுக்கு நான் என்னத்தச் சொல்ல? அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் தாரேன். கண்ணை வைக்க எம்புட்டு நேரம் ஆகும்? நீயே வச்சிரலாம்ல?"

வைத்துவிடலாம்தான். அரை மணி நேர வேலை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? தான் வரைந்ததற்குத் தானே கண் திறந்துவிட்டால் சுவர் முடிந்துவிடும், கூடவே சுவர்க்கோழியும் முடிந்துவிடும். கண் திறக்காதவரை நான்கு பேரில் யாராவது வர வேண்டிய பாக்கி இருக்கிறது. பத்து மாதமாக அந்த ஒரு பாக்கியைத்தான் பாத்திமா காப்பாற்றி வைத்திருந்தாள். "ஆள் வரச் சொல்லியிருக்கேன்ங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று இரவே மூன்று பேருக்கும் செய்தி போட்டாள். கோபிநாத் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் எந்நேரமும் ஏதோ தட்டுகிற சத்தம். "சூப்பரா இருக்கு பாத்தி! யாருடா வரைஞ்சா, நீயா?" என்றான். தீபாவளிக்கு வந்தாலும் வருவேன் என்றான். கவியரசன் எலெக்‌ஷன் டூட்டி, லீவு கிடையாது என்று குரல் செய்தி அனுப்பினான். அதில் பாதி யாரோ இன்னொருவரோடு அவன் பேசியது. தேவிப்ரியா மட்டும், "ஞாயித்துக்கெழம வாரேன்டி. சத்தியமா வாரேன். கோழிக்கொழம்பு வச்சு வையி" என்றாள்.

பாத்திமா அந்த வாரம் முழுவதும் டோக்கன் நம்பரைத் தப்பாகக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். மாதா மன்னிப்பாள், பங்குச் சாமியார்தான் கவனித்துவிட்டார். கோழி வாங்கி, தேங்காய் அரைத்து, இரண்டு பேருக்கு உலை வைத்தாள். புதுப் பிரஷ் இரண்டு எடுத்து வைத்தாள், கறுப்பையும் வெள்ளையையும் சின்ன டப்பாவில் ஊற்றிக் கலக்கி வைத்தாள். பிறகு நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள்.

கீரனூரிலிருந்து ஒன்பதரை வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். பதினொன்றே முக்கால் வண்டியில் உர மூட்டை இறங்கியது. ரெண்டு பத்து வண்டியிலிருந்து யாருமே இறங்கவில்லை. கண்டக்டர் அவளைப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். வண்டி போன பிறகுதான் போனில் செய்தி வந்தது.

"ஸாரிடி. நாத்தனாருக்கு இன்னைக்கு வளைகாப்பு வச்சிட்டாங்க, வீடு நெறைய ஆளு. கெளம்பவே முடியல. நீயே போட்டுருடி. யாருக்குத் தெரியப் போவுது?"

வர முடியாமல் போனதை பாத்திமா தாங்கிக்கொண்டிருப்பாள். கல்யாணமானவளுக்கு ஆயிரம் வேலை. அந்தக் கடைசி வரியைத்தான் தாங்க முடியவில்லை. யாருக்குத் தெரியுமாம்? ஆறு வருடமாக நான்கு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்று அது. நால்வரில் ஒருத்தி யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்கிறாள் என்றால், அதன் பொருள் விளங்க டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. வெயிலில் உட்கார்ந்தபடியே அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்க்க ஆள் இல்லை. கண் இல்லாத ஆறு பேர்தான் எதிரே நின்றார்கள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, எழுந்து சுவருக்குப் போனாள். விதிப்படி அவள் கண் திறக்கக்கூடிய முகம் அந்த வரிசையில் ஒன்றே ஒன்று. தேவி வரைந்த அவள் முகம். போன் கேமராவில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். கண் சிவந்து, இமை வீங்கி, வரைவதற்கு உகந்த நிலையில் இல்லை. இருந்தாலும் வரைந்தாள். இமைக்கோடு, வெள்ளை, விழி. முடித்து இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தாள். ஐந்து குருடர்களுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் விழித்துக்கொண்டு நின்றாள். இதற்கு ஆறு பேரும் கண்ணில்லாமல் நின்றதே தேவலை என்றிருந்தது. பிரஷையும் டப்பாவையும் தோள்பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கோழிக்குழம்பை மூடியே வைத்துவிட்டு, பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துப் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை நிறுத்தத்துக்கு அவள் வரும்போதே சத்தமாக இருந்தது. சின்னப்பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். நாற்பத்தைந்து வயது, குரல் மட்டும் பதினெட்டு. வண்டியில் ஏறினால் தூங்கிவிடுகிறவள், ஏறும்வரை ஊரைத் தூங்க விடாதவள்.

"ஏம் புள்ள, ஒனக்கு மட்டும் கண்ணு வச்சுக்கிட்டியா? நாங்கெல்லாம் குருடாவே நிக்கணுமாக்கும்?"

"இல்லக்கா... அது வந்து..."

"என்ன வந்து போயி? பத்து மாசமா பாக்குறேன். எம் மூக்குத்தியைப் போட்டே, எங் கையில கெடக்குற சூட்டுத் தழும்பக்கூடப் போட்டே. கண்ணு போட மட்டும் ஒனக்குக் கை வரல. எம்மேல ஏதும் கோவமா?"

பாத்திமா திகைத்துப் போனாள். சின்னப்பிள்ளைக்கு அது தன் படம் என்று தெரிந்திருக்கிறது. மணிமேகலைக்கும் தெரிந்திருக்கிறது. பிச்சைக்குக்கூடத் தெரியும், அவர்தான் தன் படத்துக்கு முன்னால் யாரும் எச்சில் துப்பாமல் பார்த்துக்கொள்கிறாராம். இத்தனை மாதமும் அவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு வண்டிக்கு நின்றிருக்கிறார்கள். அவளிடம்தான் கேட்கவில்லை. அவளும் "வண்டி போயிருச்சா?" என்பதற்கு மேல் அவர்களிடம் பேசியவள் இல்லை.

வேறு வழியில்லாமல் சொன்னாள். மண்குதிரைக் கதையை, வரைந்தவர் கண் திறக்கக்கூடாது என்ற விதியை, நான்கு பேரை, மூன்று ஊரை. சின்னப்பிள்ளை தலையைச் சாய்த்து அவளையே பார்த்தாள்.

"ஆக, வேற ஆளு கை வேணும். அம்புட்டுத்தானே?"

"ஆமாக்கா."

"ஏன், நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ஓசூர்லேருந்தும் சிங்கப்பூர்லேருந்தும் வந்துதான் எனக்குக் கண்ணு வைக்கணுமா? குடு அந்தக் குச்சிய!"

ஊர்ப் படம், ஊர்ப் படம் என்று நாலு பேரும் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்களே, ஒரு நாளாவது ஊரில் ஒருவர் கையில் பிரஷைக் கொடுத்ததுண்டா? கிடையாது. படித்த பிள்ளைகளுக்கு அது தோன்றவில்லை. பாத்திமாவுக்கு முகம் சுட்டது. தோள்பைக்குள் கை விட்டாள். நேற்றுப் போட்ட டப்பா அப்படியே கிடந்தது.

சின்னப்பிள்ளை பிரஷைத் துடைப்பம் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கண் போட்டாள். இரண்டாவது கண் போடுவதற்குள் வண்டி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். "ஒத்தக் கண்ணோட விட்டுட்டுப் போகச் சொல்றியா? இருய்யா!" என்று வண்டியைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் ஹாரன் அடங்கியது. பதறிப் போட்ட இரண்டாவது கண், முதல் கண்ணைவிடப் பெரிதாகிவிட்டது. ஐயனார் கோயில் குதிரை மாதிரி உருட்டி விழித்தபடி சுவரில் நின்றாள் சின்னப்பிள்ளை. அவளுக்குப் பரம திருப்தி. வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"நாங்கெல்லாம் வண்டி வார பக்கம் பாக்குறோம். நீ என்ன புள்ள, அங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

பாத்திமா அப்போதுதான் கவனித்தாள். நேற்று அழுதுகொண்டே போட்ட விழி, வண்டி வருகிற திசையில் இல்லை. கீரனூர்ப் பக்கம், வரிசையின் ஓரத்தில் நிற்கிற தேவியைப் பார்த்தபடி இருந்தது. அவள் வேண்டுமென்று போட்டதில்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

அந்த வாரம் ஆறு பத்து வண்டி தினமும் தாமதம். செவ்வாய்க்கிழமை மணிமேகலை தன் கண்ணுக்கு மை தீட்டி, நீளநீளமாக இமைமுடி வைத்து, கடையில் பொம்மைக்கு வைப்பது போல முடித்தாள். புதன்கிழமை அறிவுமதி புத்தகத்தில் உள்ள கண் படம் மாதிரி பாகம் தவறாமல் போட்டாள். வியாழக்கிழமை பிச்சை, பொழுது பூரா கண் அயராமல் காவல் இருப்பவர், தன் படத்துக்குப் பாதி மூடிய கண் வைத்துக்கொண்டார். "அங்கயாச்சும் தூங்கிக்கிறேம்மா" என்றார். ஒன்றோடொன்று பொருந்தாத கண்கள். பாத்திமா பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பல்லைக் கடித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. எத்தனை நாளாயிற்று!

வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்தது தேவி மட்டும்.

"இது யாரு? நம்ம ஸ்டாப்புல இப்படி ஒரு புள்ள நிக்கலையே" என்றாள் சின்னப்பிள்ளை.

"என் கூட்டாளிக்கா. ஓசூர்ல இருக்கா."

"வருவாளா?"

பாத்திமா டப்பாவின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"வரலைன்னா நான் வைக்கட்டா? இப்பக் கை நல்லாப் பழகிருச்சு."

விதிப்படி தடையில்லை. சின்னப்பிள்ளை வைக்கலாம், மணிமேகலை வைக்கலாம், வண்டி டிரைவர்கூட இறங்கி வந்து வைக்கலாம். ஆனால் தேவியின் சிரிக்கிற கண் இருக்கிற இடத்தில் குதிரைக் கண்ணை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. "ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கட்டும்க்கா" என்றாள். சின்னப்பிள்ளை பிரஷைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்காக பாத்திமா யாருக்கும் செய்தி போடவில்லை. ஆனாலும் பூசை முடிந்து வந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். ஒன்பதரை வண்டி வந்து போனது. பதினொன்றே முக்கால் வண்டியும் வந்து போனது. அழைக்காத ஆளுக்குக் காத்திருப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இருந்தாலும் ரெண்டு பத்து வண்டியையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, தேவியின் முகத்துக்கு நேராக நின்றாள். கண் இல்லாவிட்டாலும் அது தேவிதான். அந்த மோவாய், மூக்கு நுனி, ஒரு பக்கம் மேலேறுகிற உதடு. பாத்திமா கறுப்பைத் தொட்டாள். நெற்றியிலிருந்து தொடங்கினாள். கண் இருக்க வேண்டிய இடத்தின்மேல் தலைமுடி வந்து விழுந்தது. பிறகு மூக்கின்மேல். உதட்டுக்கு வரும்போது கை நின்றுவிட்டது. பிறகு அதையும் மூடினாள். காது வரை மயிரைச் சேர்த்து வாரி, பின்னலைக் கீழே இறக்கி, ஒரு முழம் பூவும் வைத்தாள். வரைந்தவள் கூந்தலை முடிக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஸ்டூலை விட்டு இறங்கியபோது வரிசையின் ஓரத்தில் தேவிப்ரியா திரும்பி நின்றுகொண்டிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கீரனூர் ரோட்டைப் பார்த்து, போகத் தயாராக.

சாயங்காலம் வெள்ளைச்சாமி வந்து வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்தார். சின்னப்பிள்ளையின் கண்ணைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். "முடிஞ்சிருச்சா பாப்பா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா."

"அப்ப சரி. கட்சிக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கடைசி உருவத்தின் பின்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை காலை பாத்திமா வழக்கத்தைவிடச் சீக்கிரமே நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். சுவரைப் படம் எடுத்து சுவர்க்கோழிக் குழுவில் போட்டாள். கோபிநாத்திடமிருந்து கைதட்டல் வந்தது. கவியரசனிடமிருந்து ஒரு கட்டைவிரல். தேவி ஆன்லைனில் இருந்தாள். எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள்.

"செமயா இருக்குடி! நான் எங்கடி?"

"கடைசில நிக்கிறே பாரு. பூ வச்சுக்கிட்டு."

"மூஞ்சியே தெரியலையே?"

பாத்திமா 'நீ வந்தா வரைஞ்சு விடுறேன்' என்று தட்டினாள். படித்துப் பார்த்தாள். அழித்தாள். 'வண்டி வந்துருச்சுடி, அப்புறம் பேசுறேன்' என்று தட்டி அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டாள்.

வண்டி வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.